மின்வாயின் துணையுடன் மனித நொதியத்தில் மருந்து தேடல்: அசற்றைல்கோலினெஸ்டரேஸ் நிரோதிகளைச் சோதிக்கும் முழுமையான வழிகாட்டி

முதுமை மறதி நோய்க்கு வழங்கப்படும் டொனெபெசில், ரிவாஸ்டிக்மைன், கலன்டமைன் ஆகிய மூன்றும் ஒரே இலக்கைத்தான் தாக்குகின்றன. மூளையில் அசற்றைல்கோலினை உடைக்கும் அசற்றைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியத்தை அவை மறிக்கின்றன; இப்படி மறிக்கும் பொருளே நிரோதி. இவற்றில் கலன்டமைன் முதலில் ஒரு செடியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 2001இல் அமெரிக்காவில் மருந்தாக அங்கீகாரம் பெற்றது. வல்லாரையும் நீர்ப்பிரமியும் வளரும் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில், வந்தாறுமூலையிலோ சம்மாந்துறையிலோ ஆய்வுகூடம் வைத்திருப்பவர்களுக்கு "நம்முடைய மூலிகைகளில் இப்படி ஒன்று இருக்கிறதா?" என்ற கேள்வி இயல்பாகவே எழும். அந்தக் கேள்விக்கு நம்பத்தக்க விடை பெறும் ஒரு முறையைப் படிப்படியாக இங்கே தருகிறோம்.

வழக்கமான முறை, எல்மன் 1961இல் வெளியிட்ட மஞ்சள் நிறச் சோதனை. 412 நனோமீற்றரில் நிறம் அளக்கப்படும். தூய சேர்வைகளுக்கு அது போதும். இலைச்சாறு பச்சையாகவோ கபிலமாகவோ இருந்தால் அதே அலைநீளத்தில் சாறும் ஒளியை உறிஞ்சிவிடும். நிறத்துக்குப் பதிலாக மின்னோட்டத்தை அளக்கும் மின்வாய்க்கு நிறம் ஒரு பொருட்டல்ல. ஆனால் மின்வாய்க்கு வேறொரு பலவீனம் உண்டு: சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் (தனின் போன்ற தாவரச் சேர்வைகள்) மின்வாயிலேயே ஒட்சியேறும், அதன் மேற்பரப்பில் படிந்து உணர்திறனையும் குறைக்கும். மின்னோட்டம் குறைந்துவிட்டது என்பதால் நொதியம் மறிக்கப்பட்டது என்று ஆகிவிடாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டையும் பிரித்தறிவதற்காகவே உள்ளன. அவற்றைச் சுருக்க வேண்டாம்.

என்ன நடக்கிறது

இயற்கையான கீழ்ப்படைக்கு (நொதியம் உடைக்கும் பொருளுக்கு) பதிலாக அசற்றைல்தயோகோலினைக் கொடுக்கிறோம். நொதியம் அதைத் தயோகோலினாகவும் அசற்றிக் அமிலமாகவும் பிளக்கிறது. மின்வாயில் இரண்டு தயோகோலின் மூலக்கூறுகள் இணைந்து இருசல்பைட்டாக மாறும்போது இரண்டு இலத்திரன்கள் வெளியேறுகின்றன. அதுவே நாம் அளக்கும் மின்னோட்டம். வெறும் காபன் மின்வாயில் இது நடக்க +0.6 வோல்ற்றோ அதற்கு மேலோ வேண்டும். அந்த அழுத்தத்தில் மூலிகைச் சாற்றிலுள்ள பொருள்களில் பெரும்பகுதி ஒட்சியேறிவிடும். கோபாற்று தலோசயனைனைக் காபனுடன் கலந்தால் தேவையான அழுத்தம் +0.1 முதல் +0.25 வோல்ற்று வரை இறங்கும். இந்த முறை முழுவதும் அந்த இறக்கத்தில்தான் தங்கியிருக்கிறது.

நொதியத்தை மின்வாயில் ஒட்டவைக்கும் முறைகளும் உண்டு. நிரோதிகளைத் தேடுவதற்கு அவை பொருத்தமல்ல என்பது எங்கள் கருத்து. படலத்துக்குள் கீழ்ப்படை பரவும் வேகமே எல்லையாகிவிட்டால், நொதியத்தில் பாதி மறிக்கப்பட்டாலும் மின்னோட்டம் அசையாது. நொதியம் கரைசலில் இருக்கட்டும்; மின்வாய் அளக்கும் கருவியாக மட்டும் இருக்கட்டும்.

மின்வாயைச் செய்தல்

அச்சிட்ட மின்வாய்களை இறக்குமதி செய்யலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் பயன்படும். பத்துத் தாவரங்களை மும்முறை சோதித்தாலே செலவு தாங்காது. காபன் களிம்பு மின்வாயை நாமே செய்யலாம், அதன் மேற்பரப்பை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுப்பிக்கலாம்.

காரீயத் (கிராபைட்) தூள் 700 மில்லிகிராம், கோபாற்று தலோசயனைன் 50 மில்லிகிராம், பரபின் எண்ணெய் 250 மில்லிகிராம். தூள்கள் இரண்டையும் அகேற் உரலில் 20 நிமிடம் உலர்வாக அரையுங்கள். நீலத் திட்டுகள் எங்கும் தெரியக் கூடாது. பிறகு எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டு இன்னும் 20 நிமிடம் அரைத்து, மூடி, ஓரிரவு வையுங்கள். பொகல, கஹட்டகஹ சுரங்கங்களின் காரீயம் உலகிலேயே தூய்மை மிக்க வகைகளுள் ஒன்று; அதைப் பயன்படுத்தலாம். ஆனால் சுரங்கக் காரீயத்தில் இரும்பு ஒட்டியிருக்கும். 6 மோலர் ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, கழுவுநீரில் அமிலத்தன்மை நீங்கும்வரை கழுவி, 110 பாகையில் உலர்த்தி, மெல்லிய அரிதட்டில் சலித்து எடுங்கள்.

1 மில்லிலீற்றர் ஊசிக்குழாயின் முனையைச் செங்குத்தாக வெட்டி, களிம்பை இறுக்கி அடையுங்கள். பின்புறமாகச் செப்புக் கம்பியைச் செருகுங்கள். களிம்பில் இடைவெளி இருந்தால் கரைசல் உள்ளே கசிந்து செம்பைத் தொடும். அப்போது அடிக்கோடு (எதுவும் சேர்க்காதபோது ஓடும் மின்னோட்டம்) ஏறிக்கொண்டே போகும்; கரைசலில் சேரும் செம்பு தயோகோலினையும் அழிக்கும். மேற்பரப்பைப் புதுப்பிக்க, 1 மில்லிமீற்றர் அளவு களிம்பைத் தள்ளி, வெட்டி எறிந்து, வெள்ளைத் தாளில் எட்டு வடிவில் பளபளக்கும்வரை தேய்த்தால் போதும். 37 பாகையில் களிம்பு இளகி முனையில் பிதுங்கினால், எண்ணெயை 220 மில்லிகிராமாகக் குறைத்துப் புதிதாக அரையுங்கள்.

ஒப்பீட்டு மின்வாய் வெள்ளி/வெள்ளிக் குளோரைட்டு, 3 மோலர் பொற்றாசியம் குளோரைட்டுடன். மூன்றாவதான துணை மின்வாய்க்குப் பிளாற்றினம் கம்பி. மின்வாய்க்கு அழுத்தம் கொடுத்து மின்னோட்டத்தை அளக்கும் கருவியான பொட்டென்சியோஸ்டாட் நனோஅம்பியர் அளவில் நிதானமாக அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மடிக்கணினியின் யூ.எஸ்.பி. வழியே இயங்கும் சிறிய கருவிகள் இங்கே இரட்டை நன்மை தரும்: மின்வெட்டில் ஓட்டம் கெடாது, சுவர் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலும் குறையும். கலத்தை ஒரு பிஸ்கட் தகரப்பெட்டிக்குள் வைத்து, பெட்டியைக் கருவியின் நிலத்தொடுப்புடன் இணைத்தால் எஞ்சிய இரைச்சலும் அடங்கும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

கரைசல்கள்

தாங்கற் கரைசல், 500 மில்லிலீற்றருக்கு: நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 2.75 கிராம், சோடியம் ஈரைதரசன் பொசுபேற்று (இருநீரேற்று வகை) 0.88 கிராம், பொற்றாசியம் குளோரைட்டு 3.73 கிராம், இருசோடிய ஈ.டீ.டி.ஏ. (இருநீரேற்று வகை) 18.6 மில்லிகிராம். இது 50 மில்லிமோலர் பொசுபேற்று, 0.1 மோலர் குளோரைட்டு, 0.1 மில்லிமோலர் ஈ.டீ.டி.ஏ. ஆகும். எல்லாம் கரைந்த பிறகே பீ.எச். 7.4க்குச் சரிசெய்யுங்கள், உப்பு சேர்ந்தால் பீ.எச். சற்று இறங்கும். எல்மன் முறையில் வழக்கமான பீ.எச். 8 இங்கே வேண்டாம்: நொதியம் இல்லாமலே அசற்றைல்தயோகோலின் உடைவது அங்கே கூடுதல். வாவிக்கரை நிலத்தடி நீரில் உப்பு இருப்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் நீர் விடயத்தில் சமரசம் வேண்டாம். செம்புச் சுருளுள்ள வடிகலத்தின் நீரைவிட அயனகற்றிய நீரே நல்லது. ஈ.டீ.டி.ஏ. இருப்பதும் மீதிச் செம்பைக் கட்டிப்போடத்தான்.

கீழ்ப்படை: அசற்றைல்தயோகோலின் குளோரைட்டு 19.8 மில்லிகிராம், 5 மில்லிலீற்றர் நீரில் (20 மில்லிமோலர்). தாங்கற் கரைசலில் கரைக்க வேண்டாம், நீரில் கரைத்துப் பனிக்கட்டியில் வையுங்கள், அன்றே பயன்படுத்துங்கள். கடையில் எளிதாகக் கிடைப்பது அயடைட்டு உப்பு. அதை வாங்க வேண்டாம். அயடைட்டு மின்வாயில் தானே ஒட்சியேறக் கூடும். வெள்ளி ஒப்பீட்டு மின்வாயில் வெள்ளி அயடைட்டாகப் படிந்து அதன் அழுத்தத்தையும் நகர்த்திவிடும். குளோரைட்டு உப்பு ஈரத்தை இழுக்கும். மாரியில் குப்பியைக் குளிரிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் தூள் கட்டிபடும், நிறை பொய்க்கும். அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறந்து, உடனே உலர்த்திக் கலத்துக்குள் திருப்பி வையுங்கள்.

நொதியம்: மீளிணைப்பு முறையில் தயாரிக்கப்பட்ட மனித அசற்றைல்கோலினெஸ்டரேஸ். பழகுவதற்கு மின்விலாங்கு நொதியம் மலிவானது, ஆனால் முடிவுகளை அதில் எடுக்காதீர்கள்; நிரோதிகளுக்கு இரண்டின் உணர்திறனும் ஒன்றல்ல. கொழும்பிலிருந்து இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ வரும் பொதி உலர்பனியுடன் தெர்மோகோல் பெட்டியில் வரட்டும், மூடி காற்றிறுக்கமாக இருக்கக் கூடாது. வந்தவுடன் 10 மைக்ரோலீற்றர் பங்குகளாகப் பிரித்து −80 பாகையில் வையுங்கள். −20 மட்டுமே இருந்தால் 50 வீதம் கிளிசரோல் சேருங்கள். ஒருமுறை உருகிய பங்கை மீண்டும் உறைய வைக்காதீர்கள். வேலைக்கரைசல் 1 மில்லிலீற்றருக்கு 0.2 அலகு, தாங்கற் கரைசலில் 1 மில்லிகிராம்/மில்லிலீற்றர் மாட்டுச் சீர அல்புமினுடன். அல்புமின் இல்லாவிட்டால் இவ்வளவு ஐதான நொதியம் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காலையில் எடுத்த அளவீடும் மாலையில் எடுத்த அளவீடும் பொருந்தா.

அளவுகோல் தயோகோலின்: 20 மில்லிமோலர் கீழ்ப்படை 250 மைக்ரோலீற்றருடன் தாங்கற் கரைசல் 750 மைக்ரோலீற்றர், மின்விலாங்கு நொதியம் மொத்தம் 0.5 அலகு. அறை வெப்பத்தில் 45 நிமிடத்தில் 5 மில்லிமோலர் தயோகோலின் கிடைக்கும். அதில் சிறிதளவை 100 மடங்கு ஐதாக்கி எல்மன் சோதனையால் சரிபாருங்கள்: மோலர் உறிஞ்சற் குணகம் 14,150 என்பதால் 1 சென்றிமீற்றர் கலத்தில் உறிஞ்சல் 0.71 அளவில் வர வேண்டும். குறைந்தால் காற்றில் ஒட்சியேறிவிட்டது. பனிக்கட்டியில் வைத்து, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள்.

சோதனைப் பொருளை இறுதிச் செறிவின் 1000 மடங்கில் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானில் கரையுங்கள். இந்த நொதியத்தை டி.எம்.எஸ்.ஓ.வே மறிக்கும். ஆகவே கலத்தில் 0.1 வீதத்தைத் தாண்டக் கூடாது. கட்டுப்பாட்டு ஓட்டங்களிலும் அதே அளவு இருக்க வேண்டும்.

அழுத்தத்தைத் தெரிதல்

புதிய மின்வாயைத் தாங்கற் கரைசலில் −0.2 முதல் +0.6 வோல்ற்று வரை, நொடிக்கு 100 மில்லிவோல்ற்று வேகத்தில் 20 சுற்று ஓட்டுங்கள். சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் தயார். பிறகு கலக்கியபடி, 0 முதல் +0.4 வரை 0.05 வோல்ற்று இடைவெளியில் ஒவ்வோர் அழுத்தத்திலும் 25 மைக்ரோமோலர் தயோகோலின் விட்டு, மின்னோட்டம் படிபோல் எழும் உயரத்தை, அதாவது படியின் உயரத்தை, குறியுங்கள். உயரம் தன் உச்சத்தின் ஐந்தில் நாலை எட்டும் மிகக் குறைந்த அழுத்தத்தைத் தெரியுங்கள். இன்னும் கொஞ்சம் ஏற்றினால் சமிக்ஞை கூடுமே என்று ஆசைப்பட வேண்டாம். கட்டெக்கோல் வகைப் பொலிபீனோல்கள் +0.2 வோல்ற்றுக்கு அருகிலேயே ஒட்சியேறத் தொடங்கும், ஒவ்வொரு 0.05 வோல்ற்றும் விலையுள்ளது.

ஓர் ஓட்டம்

கலம் 2 மில்லிலீற்றர், வெப்பநிலை 37 பாகை. கச்சான் என்ற வறண்ட வெப்பக்காற்று வீசும் மாதங்களில் அறையை 25 பாகையில் பிடித்துவைப்பது பெரும்பாடு. அறையைவிடச் சூடான வெப்பநிலையை நீர்த்தொட்டியால் நிலைநிறுத்துவது எளிது. மனித உடலின் வெப்பமும் அதுதான்.

1. தாங்கற் கரைசல் 1.93 மில்லிலீற்றர், சோதனைப் பொருள் 2 மைக்ரோலீற்றர். கலக்கியை நிலையான வேகத்தில் ஓடவிட்டு, தெரிந்த அழுத்தத்தைக் கொடுங்கள்.

2. நொதிய வேலைக்கரைசல் 50 மைக்ரோலீற்றர். இறுதிச் செறிவு 1 மில்லிலீற்றருக்கு 0.005 அலகு. 10 நிமிடம் காத்திருங்கள். நிரோதி பிணைவதற்கும் அடிக்கோடு அமைவதற்கும் இந்த நேரம் போதும்.

3. கீழ்ப்படை 20 மைக்ரோலீற்றர் (இறுதியில் 0.2 மில்லிமோலர்). 5 நிமிடம் பதியுங்கள். 60ஆவது நொடியிலிருந்து 240ஆவது நொடி வரையுள்ள சரிவை, அதாவது மின்னோட்டம் நிமிடத்துக்கு எவ்வளவு ஏறுகிறது என்பதை, எடுங்கள்.

4. ஓட்டத்தை நிறுத்தாமல், அளவுகோல் தயோகோலின் 10 மைக்ரோலீற்றர் விடுங்கள் (25 மைக்ரோமோலர்). முன்னைய கோட்டை நீட்டி, அதிலிருந்து படியின் உயரத்தை முதல் 10 நொடிக்குள் அளந்து, இன்னும் ஒரு நிமிடம் கவனியுங்கள்.

5. மேற்பரப்பைப் புதுப்பியுங்கள்.

இந்தச் செறிவுகளுக்குக் காரணம் உண்டு. இந்த நொதியத்தின் மிக்கேலிசு மாறிலி (உச்ச வேகத்தின் பாதியைத் தரும் கீழ்ப்படைச் செறிவு) அசற்றைல்தயோகோலினுக்கு 0.1 மில்லிமோலர் அளவில் இருக்கும். கீழ்ப்படையைக் கூட்டினால், அதன் இடத்துக்கே போட்டியிடும் போட்டி நிரோதிகள் பலவீனமாகத் தோன்றும். ஒரு மில்லிமோலரைத் தாண்டினால் கீழ்ப்படையே நொதியத்தை மறிக்கத் தொடங்கும். 0.005 அலகில் 5 நிமிடத்தில் கீழ்ப்படையின் பத்திலொரு பங்குக்கும் குறைவே செலவாகும். அதனால்தான் கோடு நேராக வரும். மேலும், இந்த அளவில் நொதியத்தின் மோலர்ச் செறிவு பத்துப் பதினைந்து பிக்கோமோலர் மட்டுமே. நனோமோலர் அளவில் பிணையும் வலிய நிரோதியைக்கூடப் பிழையின்றி அளக்க அது இடம் தருகிறது.

நான்காவது படியைத் தவிர்ப்பவர்கள் பலர். அதைத் தவிர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணக் கணக்கு. கட்டுப்பாட்டு ஓட்டத்தில் 25 மைக்ரோமோலர் படி 150 நனோஅம்பியர் தந்தால் உணர்திறன் மைக்ரோமோலருக்கு 6. சரிவு நிமிடத்துக்கு 18 நனோஅம்பியர் என்றால் வேகம் 3.0 மைக்ரோமோலர். நொதியம் இல்லாத ஓட்டம் 0.2 காட்டினால் நிகரம் 2.8. இனிச் சாற்றுடன் சரிவு 9 ஆகப் பாதியாய்க் குறைகிறது. ஐம்பது வீதம் மறிப்பு என்று எழுதத் தோன்றும். ஆனால் அதே ஓட்டத்தில் படியும் 90 ஆகக் குறைந்திருந்தால் உணர்திறன் 3.6 மட்டுமே. வேகம் 2.5, நிகரம் 2.3. உண்மையான மறிப்பு 18 வீதம்தான். மீதி எல்லாம் மின்வாயில் படிந்த தனின்.

சாற்றை விட்டதும் மின்னோட்டம் திடீரென உயர்ந்து நின்றால் கவலை வேண்டாம். பொலிபீனோலின் ஒட்சியேற்றம் அடிக்கோட்டை உயர்த்தும், சரிவை மாற்றாது. உயரத்தை விட்டுச் சரிவை அளப்பது இதற்காகத்தான். கவனிக்க வேண்டியது வேறு: தயோகோலின் விட்ட பிறகு படி எழும்பி, உடனே சரியத் தொடங்கினால், சாற்றிலுள்ள குயினோன்கள் (ஒட்சியேறிய பொலிபீனோல்கள்) தயோகோலினுடன் நேரடியாகத் தாக்கம் புரிந்து அதைத் தின்கின்றன. அந்தச் சாறு நொதியத்தைத் தொடாமலே சரிவைக் குறைக்கும். அப்படிப்பட்ட சாற்றைப் பொலிபீனோல்களைப் பிடித்துக்கொள்ளும் பொலிவைனைல்பொலிபிரோலிடோன் தூளுடன் குலுக்கி, வடித்து, திரும்பச் சோதியுங்கள். மறிப்பு மறைந்துவிட்டால் அதைத் தொடர்வதில் பயனில்லை.

முறையே சரியா என்று பார்த்தல்

தாவரங்களைத் தொடுவதற்கு முன் டொனெபெசிலை 0.3, 1, 3, 10, 30, 100, 300 நனோமோலரில் ஓட்டுங்கள். பாதியளவு மறிக்கும் செறிவு, அதாவது ஐ.சி.50, சில நனோமோலரிலிருந்து இருபதுக்குள் வர வேண்டும். நூற்றுக்கணக்கில் வந்தால் பெரும்பாலும் ஐதாக்கலில் பிழை, அல்லது நொதியம் அதிகம். கலன்டமைன் இதைவிடப் பல மடங்கு பலவீனமாக வரும். அந்த வரிசை தலைகீழானால் முறை இன்னும் தயாராகவில்லை. அடுத்து, நிரோதி இல்லாத ஓட்டம் எட்டும், 1 மைக்ரோமோலர் டொனெபெசில் உள்ள ஓட்டம் எட்டும் செய்து, சோதனையின் தரத்தைக் காட்டும் இசட் காரணியைக் கணியுங்கள்: இரண்டு நியம விலகல்களின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்கி, சராசரிகளின் வித்தியாசத்தால் வகுத்து, ஒன்றிலிருந்து கழிக்க வேண்டும். 0.5க்குக் குறைந்தால் தேடலைத் தொடங்க வேண்டாம். பெரும்பாலும் குற்றவாளி கலக்கியின் வேகம் அல்லது சரியாகத் தேய்க்காத மேற்பரப்பு.

சாறுகளை முதலில் மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராமில் மும்முறை பாருங்கள். 50 வீதத்துக்கு மேல் மறித்தவற்றை மட்டும் மூன்று மடங்கு இடைவெளியில் எட்டுச் செறிவுகளுக்குக் கொண்டுபோங்கள். தூய சேர்வை போட்டி நிரோதி என்று உறுதியானால், இங்குள்ள கீழ்ப்படைச் செறிவில் நிரோத மாறிலி (நிரோதி நொதியத்துடன் பிணையும் வலிமையின் அளவு) ஐ.சி.50இன் மூன்றிலொரு பங்கு. ரிவாஸ்டிக்மைன் போன்ற காபமேற்றுகள் மெதுவாகப் பிணைபவை; காத்திருக்கும் நேரத்தை 10இலிருந்து 60 நிமிடமாக நீட்டும்போது மறிப்பு ஏறினால் அந்த வகையைச் சந்தேகியுங்கள்.

வயல் தரும் பொய்

நீர்ப்பிரமியும் வல்லாரையும் வயல் வரம்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் செழிப்பவை. அங்கேதான் பூச்சிகொல்லியும் விழுகிறது. காபமேற்று, ஒகனோபொசுபரசு வகைப் பூச்சிகொல்லிகள் கொல்வதே இதே நொதியத்தை மறித்துத்தான். இலையில் மிச்சமிருக்கும் மிகச் சிறிய அளவு போதும், சாறு அபாரமான "மருந்தாக"த் தோன்றும். அம்பாறை வயற்பிரதேசத்தில் சேகரித்த எந்த மாதிரிக்கும் இந்தச் சந்தேகம் முதலில் வர வேண்டும்.

இரண்டு காப்புகள் உண்டு. ஒன்று, தெளிக்காத மண்ணில், சட்டியில் நட்டு வளர்த்த செடியிலிருந்து இரண்டாவது மாதிரி எடுப்பது. மறிப்பு அதில் இல்லையென்றால் அது செடியுடையது அல்ல. மற்றது ஐதாக்கல் சோதனை. நொதியத்தை 100 மடங்கு செறிவில், மில்லிலீற்றருக்கு 0.5 அலகாக, சாற்றின் ஐ.சி.50இன் பத்து மடங்குடன் 30 நிமிடம் வையுங்கள். அதிலிருந்து 20 மைக்ரோலீற்றரை 2 மில்லிலீற்றர் கலத்தில், கீழ்ப்படையுடன், விடுங்கள். இப்போது சாறு ஐ.சி.50இன் பத்திலொன்று. மீளக்கூடிய நிரோதியானால் 90 வீதம் அளவில் தொழிற்பாடு திரும்பும். காபமேற்று என்றால் சரிவு முதலில் தட்டையாக இருந்து மெதுவாக, பல நிமிடங்கள் முதல் மணித்தியாலங்கள் எடுத்து, மீளும். ஒகனோபொசுபரசு என்றால் அந்த நேரத்தில் மீளாது. குளோர்பைரிபொசு போன்ற சில, காற்றிலோ உடலிலோ ஒட்சனேறிய பிறகே வலுவாக மறிக்கும். எனவே புதிய இலையில் மறிப்பு இல்லை, நாள்பட்ட காய்ந்த இலையில் உண்டு என்ற முடிவு வந்தால் அதையும் நினைவில் கொள்ளுங்கள்.

இரண்டையும் தாண்டி நின்ற சாற்றை, இதற்கு நெருங்கிய உறவான மனித பியூற்றைரைல்கோலினெஸ்டரேஸ் நொதியத்திலும் அதே கலத்தில், பியூற்றைரைல்தயோகோலின் குளோரைட்டுடன் பாருங்கள். இரண்டு நொதியங்களையும் ஒரே அளவில் மறிப்பது குறையல்ல, ரிவாஸ்டிக்மைனும் அப்படித்தான். ஆனால் எந்த வகை என்று தெரியாமல் பிரித்தெடுப்புக்குப் போவது காலவிரயம்.

டொனெபெசில் போன்ற நிரோதித் தூள்களை நிறுக்கும்போது கையுறையும் முகமூடியும் கட்டாயம். உமிழ்நீர் பெருகுதல், வியர்த்தல், கண்மணி சுருங்கல், மூச்சுத்திணறல் தோன்றினால் வேலையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குப் போங்கள், எந்தச் சேர்வையைக் கையாண்டீர்கள் என்பதை எழுதி எடுத்துச் செல்லுங்கள். பயன்படுத்திய நிரோதிக் கரைசல்களை வடிகாலில் ஊற்றாமல், பெயர் ஒட்டிய தனிப் போத்தலில் சேர்த்து வையுங்கள். கண்ணாடிப் பாத்திரங்களை அடுத்த நாள் வேலைக்கு எடுக்குமுன், அவற்றில் தாங்கற் கரைசலை மட்டும் சுழற்றி எடுத்து ஒரு கட்டுப்பாட்டு ஓட்டம் செய்து பாருங்கள். சரிவு வழமையைவிடக் குறைந்தால் நேற்றைய டொனெபெசில் இன்னும் சுவரில் இருக்கிறது.